உருவெளித் தோற்றமும் உரையளவையும்

காண்டல், கருதல், உரை என்னும் அளவைகள் மூன்றனுள், உலகியல் பெரும்பாலும் உரையானே நடைபெறுகின்றது. காணாத ஊரையும் உண்ணாத மருந்தையும் மக்கள் பிறர் சொற்கொண்டே துணிகின்றனர். ஆகலின், எவர் சொல்லை நம்பலாம் என்னும் வினா எக்காலத்தும் உரியதே. இக்காலத்து அது புதியதொரு வடிவில் எழுந்துள்ளது.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து நிறுவனமொன்று, 2016-ஆம் ஆண்டில் கணினியால் ஒரு நங்கையுருவை ஆக்கி, மிக்கேலா எனப் பெயரிட்டு, 19 வயதினள் எனக் கூறி, இன்ஸ்டாகிராமில் உலவவிட்டது. அவ்வுரு புத்தாடை புனைந்தது, நண்பரொடு நின்றது, பாடலும் வெளியிட்டது. மானுடப் பெண்ணோ, வரைந்த உருவோ எனக் காண்போர் ஐயுற்றனர். 2018 ஏப்ரலில், தான் மானுடப் பிறவியன்று, ஓர் எந்திரப் பாவை என அது அறிவித்தது. அவ்வறிவிப்பும் மெய்யன்று, கணினிப் படமும் பின்னிருந்து எழுதுவோர் சொல்லுமன்றி எந்திரம் யாதும் ஆண்டில்லை. எனினும் அதனைத் தொடர்ந்த 10 இலட்சத்தின் மேற்பட்டோர் விலகிற்றிலர், பின்னும் பெருகினர்.

அற்றேல், கூத்தில் அரசன் வேடம் புனைந்தான் அழுங்கால் காண்போரும் அழுப. அறிந்தே இரங்குதலின் அது குற்றமன்று. இதுவும் அன்னதே எனின், கூறுதும். அன்பு செலுத்துதல் குற்றமன்று. ஆயின், கூத்தின் அரசன் அரங்கினின்றும் இறங்கி, 'இம்மருந்தை யான் உண்டு பிணி தீர்ந்தேன். நீவிரும் வாங்குமின்' என்னான். அன்பிற்குக் கற்பனையும் நிலைக்களனாகும். நம்பிக்கைக்கோ அறிந்தான் ஒருவன் வேண்டும்.

பொருளை உள்ளவாறு அறிந்து, அறிந்தவாறே கூறுபவன் சொல்லே உரையளவையாம். 2017-இல் ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் கேமரன்-ஜேம்ஸ் வில்சன் ஆக்கிய சூடு என்னும் உருவம், உதட்டுச் சாயம் அணிந்த கோலத்தில் பரவிற்று. சாயமோ எவ்வுதட்டையும் தொட்டதில்லை. 2019-இல் மிக்கேலாவுரு, வாடகை ஊர்தியில் ஒருவன் தன்னைத் தீண்டித் துன்புறுத்தினான் எனக் கூறியபொழுது, பலர் சினந்தனர். மெய்யாகவே அத்துயர் உற்ற பெண்டிர் பலர் இருப்ப, உடம்பில்லாதது அத்துயரைத் தனதெனக் கூறியதே அச்சினத்தின் காரணம்.

உடம்புடையாரும் பொருள் பெற்றுப் பொய் கூறுகின்றனரே எனின், கூறுகின்றனர். ஆயினும் அவர் அறிதற்குரியர். பொய்த்தவழிப் பழிக்கும் நாணுக்கும் உரியர். உருவிற்கு அறிவும் இல்லை, நாணும் இல்லை. பழிக்குரியோர் திரைமறைவில் உள்ளனர்; அவர் பெயரைக் காண்போர் வினாவுவதும் இல்லை.

இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-இல் வகுத்த நெறிமுறை, இத்தகைய உருக்கள், தம்மொடு பழகுவோர் மெய்ம்மானுடரொடு பழகுகின்றாரல்லர் என்பதை வெளிப்படக் கூறுதல் வேண்டும் என விதித்தது. அது நன்று, ஆயினும் பாதியே. மானுடரன்று என அறிந்த பின்னரும் மக்கள் நம்புதல் மேலே காட்டப்பட்டது. ஆகலின், 'இது மானுடமோ' என வினாவுதலோடு அமையாது, 'இச்சொல் யாருடையது? அவர் இதனை அறிந்தவரோ? பொய்ப்பின் பழியை ஏற்பவரோ?' என வினாவுதல் அறிவுடையோர் கடனாம். இவ்வினாக்களுக்கு விடையில்லாத சொல் எத்துணை இனிதாயினும் உரையளவை ஆகாது என்க.