காரியத்துக்காகப் பழகுவது பொய்யா?

மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் போய்ச் சொந்தமாக ஒரு பட்டறை போட நினைக்கும் இளைஞனுக்குக் களிமண் பெரிய கவலையாக இருக்காது. நெய்வேலிப் பக்கமே அது உண்டு. அச்சு எடுத்துத் தரும் கைக்காரர், தம் சூளையில் கொஞ்சம் இடம் விடும் முதலாளி, நவராத்திரிக்கு முன்பே கொலு பொம்மைக்கும் கார்த்திகைக்கு முன்பே அகல் விளக்குக்கும் ஆர்டர் கொடுக்கும் வியாபாரி, இவர்களைத் தெரியாமல் மட்டும் தொழில் நடக்காது. ஆகவே அவன் போய்ப் பழகுகிறான். நகரத்து அலுவலகங்களில் இதற்கு நெட்வொர்க்கிங் என்று பெயர். ஊரில் ‘காரியத்துக்காகப் பழகுகிறான்’ என்று முடித்துவிடுவார்கள். அந்த ஏச்சுக்குள் ஒரு தத்துவ முடிவும் இருக்கிறது: பயன் கருதித் தொடங்கிய உறவு ஒருநாளும் உண்மையான உறவாகாது என்பது. இந்த முடிவை நான் ஏற்கவில்லை. பயன் கருதுவதில் பொய் இல்லை. கருதவே இல்லை என்று நடிப்பதில் இருக்கிறது. உறவு மெய்யா என்பதைத் தொடங்கிய நோக்கத்தை வைத்துச் சொல்ல முடியாது. நட்டம் வரும் நாளில் அதை யார் தோளில் ஏற்கிறார் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

எதிர்த் தரப்புக்கு வலுவான சாட்சி வள்ளுவர். பெறுவதை அளந்து பார்க்கும் நட்பை அவர் கள்வரோடு சேர்த்து வைக்கிறார். ஆனால் நட்பு பற்றிய 79 முதல் 83 வரையிலான அதிகாரங்களை அவர் எங்கே வைத்தார் என்றும் பார்க்க வேண்டும். அவை அறத்துப்பாலில் இல்லை. பொருட்பாலில், அரண், பொருள் செயல்வகை, படை எல்லாம் பேசி முடித்த கையோடு வருகின்றன. அதிலும் 80ஆம் அதிகாரம் முழுவதும் ஆராய்ந்து நட்புக்கொள்ளச் சொல்கிறது. ஆராய்கிறவன் எதையோ எதிர்பார்க்கிறவன்தானே? அடுத்த அதிகாரமான பழைமை, நீண்ட நாள் பழகியவர் கேட்காமலே உரிமையோடு செய்ததை மனமுவந்து ஏற்பதைப் பேசுகிறது. அந்த உரிமையால் கெடுதல் நேர்ந்தாலும் பொறுத்துக்கொள்வதையும் சேர்த்தே பேசுகிறது. ஆக, அவர் கண்டிப்பது ஆதாயம் தீர்ந்ததும் கழன்றுகொள்பவனையும், முகத்தில் சிரித்து அகத்தில் வேறாக இருப்பவனையும்தான். பலனில் பற்று வைக்காதே என்ற கீதையை எடுத்துக் காட்டுவோரும் உண்டு. அந்த உபதேசம் போர்க்களத்தில், செய்ய வேண்டிய வேலை கண்முன் நிற்கும் ஒருவனுக்குச் சொல்லப்பட்டது. நோக்கமே இல்லாமல் தேரிலிருந்து இறங்கிப் போகச் சொல்லவில்லை.

அரிஸ்டாட்டில் இன்னும் கறாரானவர். பயன், இன்பம், நற்குணம் என்று நட்பை மூன்றாகப் பிரித்து, பயனுக்கான நட்பைக் கடைசியில் வைத்தார். சச்சரவு பெரும்பாலும் அங்கேதான் எழுகிறது என்றும் சொன்னார். ஆனால் அவர் அந்த நட்பையே மறுபடி இரண்டாகப் பிரிப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று, இன்னதுக்கு இன்னது என்று பேசி வைத்துக்கொள்வது. மற்றது, நண்பனுக்குக் கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டு, உள்ளூர அதற்கு ஈடாகவோ அதிகமாகவோ எதிர்பார்ப்பது. மனக்கசப்பு முளைப்பது இந்த இரண்டாவதில். காரியம் இருப்பதை மறைத்து அன்பளிப்பாகக் காட்டியதுதான் கோளாறு. கல்யாண வீட்டில் தோளில் கைபோட்டு ‘அண்ணே’ என்று உருகிவிட்டு, மறுவாரம் சிபாரிசுக் கடிதம் கேட்டு வருபவரை நாம் வெறுப்பதும் இதற்காகவே. கடிதம் கேட்டது குற்றமில்லை.

நட்டம்தான் உரைகல் என்பதற்குச் சூளையே சாட்சி. ஈரம் முழுதும் உலராத பச்சைப் பாண்டத்தைச் சூளையில் வைத்தால், உள்ளே நீர் ஆவியாகி அது வெடிக்கும். தெறிக்கும் சில்லு பக்கத்தில் இருப்பவனின் சரக்கையும் கெடுக்கும். சூளையைப் பங்கிட்டுக்கொள்பவர்களில் ஒருவர் அவசரத்துக்கு இன்னொருவர் விலை கொடுக்க நேரும். அங்கே வெறும் சிரிப்பு உதவாது. தன் தட்டைத் தானே எடுத்து ‘இது இன்னும் காயவில்லை, அடுத்த முறை வைக்கிறேன்’ என்பவன் நம்பத் தகுந்தவன். நட்டத்தை யார் ஏற்பது என்பதை இஸ்லாமிய வணிக அறம் சட்டமாகவே வகுத்தது. முளாரபா என்னும் கூட்டில் ஒருவர் முதல் போடுவார், மற்றவர் உழைப்பார். லாபத்தைப் பேசிய விகிதத்தில் பிரிப்பார்கள். உழைத்தவரின் கவனக்குறைவு இல்லாமல் நட்டம் வந்தால் பணம் போனது முதலாளிக்கு, பாடு போனது உழைத்தவருக்கு. கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக் கூடத்தில் கிடைத்த கெனிஸா கடிதங்களில், 11ஆம் நூற்றாண்டு வணிகர்கள் கடல் கடந்த ஊர்களில் ஒருவர் சரக்கை ஒருவர் கூலி வாங்காமல் விற்றுக் கொடுத்ததைக் காண்கிறோம். அவர்கள் ஒருவரையொருவர் கடிதத்தில் திட்டவும் தயங்கவில்லை. திட்டிய பிறகும் சரக்கு அனுப்பினார்கள்.

அப்படியானால் இது வெறும் பரஸ்பரக் காப்பீடுதானே, இதில் ‘உண்மை’ எங்கே என்று கேட்கலாம். காப்பீட்டில் ஈட்டுத்தொகை முன்பே எழுதப்பட்டிருக்கும். இங்கே எழுதப்படாத நட்டத்தை ஒருவர் தானாக ஏற்கிறார். கணக்கு அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்று 1785இல் எழுதிய காண்ட்டும், கருவியாகவே கொள்ளாதே என்று சொல்லவில்லை. ‘வெறும்’ என்பதில்தான் அவர் அழுத்தம்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் வேறு. இப்படி நட்டம் சுமக்கும் வட்டங்கள் நம் நாட்டில் பெரும்பாலும் சாதிக்குள், சொந்தத்துக்குள் அமைந்தவை. நாடார் வணிகர்கள் தங்களுக்குள் திரட்டிய மகமை நிதி, கோயிலுக்குள்ளேயே விடப்படாத ஒரு சமூகத்துக்குக் கவசமாக நின்றது. ஆனால் எந்த வட்டமும் உள்ளே இருப்பவனுக்குக் கவசம், வெளியே நிற்பவனுக்குச் சுவர். தொழிலில் மாமனோ சித்தப்பாவோ இல்லாத முதல் தலைமுறைப் பிள்ளை எங்கே போவான்? 1973இல் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் அந்த நபரை அடிக்கடி சந்தித்தவர்கள் சுமார் 17 சதவீதம் மட்டுமே. மற்றவர்கள் எப்போதாவதோ அரிதாகவோ பார்த்துக்கொண்டவர்கள். லேசான பழக்கம்தான் புதிய செய்தியைக் கொண்டுவருகிறது. விருத்தாசலத்தில் அரசு ஒரு பீங்கான் தொழில்நுட்பப் பயிலகத்தை நடத்துவதன் பெரிய பயனும் பாடத்திட்டத்தில் இல்லை என்பேன்: வேறு வேறு சாதிப் பிள்ளைகளை அது ஒரே பெஞ்சில் அறிமுகமாக்கி விடுகிறது. இந்த லேசான பழக்கத்துக்குத் தோளில் ஏற்கும் பெரிய நட்டம் தேவையில்லை. தேவைப்படுவது ஆழம் இருப்பதாகக் காட்டிக்கொள்ளாமை மட்டும். வேலை கேட்டு வந்த பிள்ளையை ‘பார்க்கலாம் தம்பி’ என்று ஆறு மாதம் நடக்கவிடும் முதலாளியைவிட, ‘என்னிடம் இல்லை, அந்தப் பட்டறையில் ஆள் தேடுகிறார்கள், போய்க் கேள்’ என்று அன்றே சொல்பவர் அவனோடு உண்மையாகப் பழகியவர், அதற்குப் பிறகு இருவரும் சந்திக்கவே போவதில்லை என்றாலும்.