வினாடி வினாவில் நேயர் யார்?

தொலைக்காட்சி வினாடி வினா எதுவானாலும், முதல் கேள்வி எழுதப்படுவதற்கு முன்பே ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது: இது யாருக்காக? வயது, படிப்பு, மொழி, வீட்டில் இருக்கும் நேரம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு வகுக்கப்படும் அந்தக் கூட்டத்தை ஒளிபரப்புத் துறையினர் இலக்கு நேயர்கள் என்பர். பார்வைக்கு இது நிர்வாகக் கணக்குதான். ஆனால் இதற்குள் ஒரு தத்துவக் கேள்வி இருக்கிறது. அறிவை ஒருவருடைய தரத்துக்கு ஏற்ப இறக்கிக் கொடுப்பது அவரை மதிப்பதா, அவரால் இவ்வளவுதான் முடியும் என்று தீர்ப்பெழுதுவதா? நிகழ்ச்சியாகவும் தத்துவமாகவும் இந்தக் கேள்வி ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே ஒலிபரப்பு நிறுவனத்தில் எழுந்த ஊர் பிராங்பேர்ட்.

அந்த நிறுவனம் ஹெஸ்ஸிஷர் ருண்ட்ஃபுங்க் எனப்படும் ஹெஸ்ஸன் மாநில ஒலிபரப்பு நிலையம். போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியின் தலைநகராகும் நம்பிக்கையில் நாடாளுமன்றத்துக்கென பிராங்பேர்ட் எழுப்பிய வட்ட மண்டபம், 1949-இல் வாக்கெடுப்பு பான் நகருக்குச் சாதகமானதும் இந்த நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதைக் கண்காணிக்கும் பொறுப்பு ஒரு மன்றத்துக்கு உரியது. கத்தோலிக்க, சீர்திருத்தத் திருச்சபைகள், யூத சமூகம், பல்கலைக்கழகங்கள், தொழிற்சங்கங்கள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் அதில் இடம்பெறுவர். நிலையத்தின் முதன்மை வருவாய் மக்கள் செலுத்தும் கட்டணம். ஆகவே அதன் நேயர் சட்டப்படி முழுச் சமூகமே.

இந்த நிலையத்தில் 1964 ஜனவரியில் 'ஐனர் விர்ட் கெவின்னன்' (ஒருவர் வெல்வார்) என்ற சனிக்கிழமை இரவு நிகழ்ச்சி தொடங்கியது. எட்டு ஐரோப்பிய நாடுகளிலிருந்து எட்டுப் போட்டியாளர்கள் வந்து, சுற்றுக்குச் சுற்று குறைந்து, கடைசியில் ஒருவர் மிஞ்சுவார். தலைப்பின் முதலெழுத்துகளே ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தின் ஜெர்மன் சுருக்கப் பெயராகவும் அமைந்திருந்தன. தொகுப்பாளர் ஹான்ஸ்-யோவாகிம் கூலன்காம்ஃப் நாடக நடிகர். போரில் கிழக்கு முனையில் சிப்பாயாக இருந்தவர். கேள்விகள் பல சிறு நாடகக் காட்சிகளாக நடித்துக் காட்டப்பட்டன. நிகழ்ச்சி குறித்த நேரத்தில் முடிந்ததே அரிது. முடிவில் பட்லர் வேடத்தில் மார்ட்டின் யென்டெ வந்து, கூலன்காம்ஃபின் மேலங்கியை நீட்டியபடி அவரை ஒரு குத்தல் வார்த்தை சொல்லி அனுப்புவார். யென்டெதான் நிகழ்ச்சியின் தயாரிப்பாளரும். இடைவெளிகளுடன் 1987 வரை ஓடிய இந்நிகழ்ச்சியைத் தாத்தாவும் பேரனும் ஒரே அறையில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

நிகழ்ச்சி தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு, 1963-இல், அதே நிலையத்தின் வானொலியில் பிராங்பேர்ட் தத்துவ அறிஞர் தியடோர் அடோர்னோ பண்பாட்டுத் தொழில் குறித்து உரையாற்றினார். சக தத்துவ அறிஞர் ஹோர்க்ஹைமருடன் சேர்ந்து எழுதி 1947-இல் வெளியிட்ட 'அறிவொளியின் இயங்கியல்' நூலின் வாதத்தைச் சுருக்கிச் சொன்ன உரை அது. மக்கள் விரும்புவதைத்தான் தருகிறோம் என்கிறது தொழில். உண்மையில் தான் தருவதையே விரும்பும் மக்களை அது உருவாக்கிக்கொள்கிறது. நேயரை எசமானன் என்று அழைத்துவிட்டு, கணக்கிடத்தக்க பொருளாக அவரை நடத்துகிறது என்பது அடோர்னோவின் குற்றச்சாட்டு. 1959-இல் எழுதிய அரைக்கல்வி பற்றிய கட்டுரையில் அவர் இன்னொரு படி மேலே போனார். துண்டு துண்டாகச் சேர்த்த தகவல் கல்விக்கு முதற்படி ஆகாது, கல்வியின் வழியையே அது அடைத்துவிடும் என்றார். வினாடி வினாவுக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு இல்லை.

இந்த மறுப்பின் வலிமையைக் காட்டும் நிகழ்வு அமெரிக்காவில் ஏற்கெனவே நடந்திருந்தது. 'ட்வென்டி ஒன்' நிகழ்ச்சியில் 1956-57-இல் புகழ்பெற்ற சார்லஸ் வான் டோரன், கேள்விகளும் பதில்களும் தனக்கு முன்கூட்டியே தரப்பட்டதை 1959-இல் நாடாளுமன்றக் குழு முன் ஒப்புக்கொண்டார். விளம்பரதாரருக்கு வேண்டியிருந்தது மக்கள் மனத்தில் பதியும் ஒரு நாயகன். அறிவு அந்த நாயகனுக்கு அணிவித்த உடையாக இருந்தது. நேயர் எண்ணிக்கையே ஒரே அளவுகோலானால் உண்மைகூடப் பேரத்துக்கு உட்பட்டுவிடும் என்பதை அது வெட்டவெளிச்சமாக்கியது.

ஜெர்மனியில் 1984-இல் தனியார் தொலைக்காட்சி வந்தபின், 14 முதல் 49 வயது வரை என்ற இலக்கு நேயர் வரையறை நிலைபெற்றது. அதைப் பரப்பிய ஆர்டிஎல் நிறுவனத்தின் ஹெல்முட் தோமா, விளம்பர விற்பனைக்காகவே அந்த எல்லையை வகுத்ததாகப் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். ஐம்பது வயதானவரின் ஆர்வம் அன்று மட்டும் மாறிவிடுவதில்லை. நேயர் கூட்டம் கண்டுபிடிக்கப்படுவதில்லை, உருவாக்கப்படுகிறது என்ற அடோர்னோவின் கருத்துக்கு எதிர்முகாமிலிருந்தே இப்படி ஒரு சாட்சி கிடைத்தது.

ஆனால் நேயருக்கு ஏற்ப வடிவமைப்பதையே குற்றம் என்று கொண்டால், சமய மரபுகளின் போதனை முறைகள் பலவற்றையும் ஒதுக்க வேண்டியிருக்கும். மார்ட்டின் லூதர் 1529-இல் ஒரே போதனையை இரண்டு நூல்களாக எழுதினார்: போதகர்களுக்குப் பெரிய ஞானோபதேசம், எளிய குடும்பங்களுக்குச் சிறிய ஞானோபதேசம். சிறியதில் ஒவ்வொரு கட்டளைக்கும் பின்னால் 'இதன் பொருள் என்ன' என்ற வினா வரும். வீட்டுத் தலைவர் கேட்க, பிள்ளைகள் விடை சொல்வர். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மறைப்பணியாளர் சீகன்பால்க் அந்தச் சிறு நூலைத் தமிழாக்கினார். லூதர் மொழியை எளிதாக்கினாரே தவிர, பொருளைக் கேட்கும் உரிமையை எளியவரிடமிருந்து எடுத்துவிடவில்லை.

மகாபாரதத்தின் யட்சப் பிரச்னத்தில் இலக்கு நேயர் ஒரே ஒருவர்தான். தம்பிமார் நால்வரும் பொய்கைக்கரையில் மாண்டு கிடக்க, யட்சனின் கேள்விகளுக்குத் தருமன் விடை சொல்கிறான். எல்லாம் சரியாகச் சொன்ன பின்னும் சோதனை முடிவதில்லை. ஒரு தம்பியை மட்டும் உயிர்ப்பிக்கலாம் என்றபோது, தன் தாய் வயிற்றுப் பிள்ளைகளான பீமனையும் அர்ஜுனனையும் விட்டு மாத்ரியின் மகன் நகுலனை அவன் கேட்கிறான். பரிசைத் தேர்ந்தெடுப்பதே கடைசிக் கேள்வியாக அமைந்த போட்டி இது. கேட்பவனுக்கு விடை சொல்பவன்மேல் அக்கறை இருக்கிறது. யட்ச வடிவில் நிற்பது அவன் தந்தையான தருமதேவன்.

நேயரை மதித்து வடிவமைப்பதற்கு இக்காலத் தமிழ்த் தொலைக்காட்சியிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பிரிட்டனில் 1998-இல் தொடங்கி உலகெங்கும் விற்கப்பட்ட 'மில்லியனர்' வடிவத்தைக் கலர்ஸ் தமிழ் 2019 டிசம்பரில் பெண்களுக்கு மட்டுமான 'கோடீஸ்வரி' ஆக மாற்றியது. தொகுத்தவர் ராதிகா சரத்குமார். அடுத்த மாதமே செவித்திறனும் பேச்சுத்திறனும் அற்ற மதுரைப் பெண் ஒருவர் அதில் ஒரு கோடி ரூபாய் வென்றார். பெண்களுக்கென்று கேள்விகள் சமையற்கட்டோடு நின்றிருந்தால் அது அவமதிப்பாகியிருக்கும். பொது அறிவு பொது அறிவாகவே இருந்து, மேடை மட்டும் அதுவரை ஒதுங்கி நின்றவர்களுக்குத் திறந்தது.

மதிப்புக்கும் அவமதிப்புக்கும் உள்ள வேறுபாடு ஒற்றைக் கேள்வியிலேயே புலப்படும். 'ஜெர்மனியின் முதல் தேசிய மன்றம் பிராங்பேர்ட் பவுல் தேவாலயத்தில் எந்த ஆண்டு கூடியது?' 1848 என்பது விடை. தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் ஊகிப்பார், ஆட்டம் அடுத்த கேள்விக்குப் போகும். 'மன்றம் ஏன் ஒரு தேவாலயத்தில் கூடியது?' என்று கேட்டால் நிலைமை வேறு. நூற்றுக்கணக்கான உறுப்பினர்கள் அமரவும், மேல்மாடத்தில் பொதுமக்கள் கூடிக் கேட்கவும் அந்த நீள்வட்ட மண்டபத்தில் இடமிருந்தது. இதற்கு ஆண்டு நினைவிலிருக்க வேண்டியதில்லை. மக்களாட்சிக்குக் கேட்போரும் வேண்டும் என்று யோசிக்கத் தெரிந்தால் போதும். பள்ளி மாணவருக்கும் பேராசிரியருக்கும் இதே கேள்வியை வெவ்வேறு மொழியில் கேட்கலாம்.

அடோர்னோவும் ஒலிபரப்பைப் புறக்கணிக்கவில்லை. 1959 முதல் 1969-இல் இறக்கும்வரை ஹெஸ்ஸன் வானொலியில் கல்வி குறித்துப் பேசினார். பிறர் வழிகாட்டலின்றித் தன் அறிவைத் தானே பயன்படுத்தும் துணிவு என்று கான்ட் 1784-இல் வகுத்த முதிர்ச்சியே அந்தப் பேச்சுகளின் குறிக்கோள்.

ஆகவே வினாடி வினாவை எடைபோடும் அளவுகோலை இப்படி வகுக்கலாம். மொழி, வேகம், நேரம், மேடை ஆகியவற்றை நேயருக்கு ஏற்ப மாற்றுவது மரியாதை. அவருக்குக் காரணம் வேண்டாம், விடை போதும் என்று முடிவுகட்டுவது அவமதிப்பு. விடை வெளியானபின் 'ஏன்' என்பதற்கு அரை நிமிடமேனும் ஒதுக்காத நிகழ்ச்சி, எந்த வயதினருக்காக வடிவமைக்கப்பட்டிருந்தாலும், நேயரை எண்ணிக்கையாகவே நடத்துகிறது.