கொடுத்த பிறகும் தொடரும் கடன்

லினக்ஸ் கெர்னலை எடுத்து, வேண்டாத டிரைவர்களை நீக்கி, பழைய மெஷினுக்கு வேண்டியதைச் சேர்த்து, கம்பைல் செய்து, சொந்தமாக ஒரு நிறுவல் வட்டு தயாரிக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். 1992இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தேர்ந்துகொண்ட ஜிபிஎல் உரிமம் தரும் சுதந்திரம் அது. என் மெஷினுக்குள் என்ன மாற்றினாலும் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த வட்டை இன்னொருவரிடம் கொடுத்தால் மூலநிரலையும் கொடுக்கணும். அல்லது, கேட்பவருக்குத் தருவதாக 3 ஆண்டுகளுக்காவது எழுத்தில் உறுதி தரணும்.

கோடு ஏன் ‘கொடுக்கும்’ இடத்தில் விழுகிறது?

பினாங்கில் நாசி கண்டார் கடைக்காரர் குழம்பின் பக்குவத்தைச் சொல்லமாட்டார். நாமும் அதைத் தப்பென்று நினைப்பதில்லை. சாப்பிட்டோம், காசு கொடுத்தோம், முடிந்தது. கெர்னல் அப்படி முடிவதில்லை. கணினியில் எல்லா அதிகாரமும் அதற்குத்தான். கீபோர்டில் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அது வழியாகத்தான் போகுது. லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணனுக்கு என் வட்டைப் போட்டுக்கொடுத்தால், அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் என்னையும் உட்கார வைக்கிறார் என்று அர்த்தம்.

மூலநிரலைக் கொடுத்தால் கடன் தீர்ந்ததா? “ஓடுதுல்ல தம்பி? போதும்” என்பார் அண்ணன். படிக்கத் தெரிந்தவருக்கே அது போதாது என்று 1984இல் கென் தாம்ஸன் காட்டினார்: நிரல் சுத்தமாக இருந்தாலும் கம்பைலர் கள்ளத்தனமாக எதையாவது நுழைக்கலாம். வட்டோடு தரும் ஹேஷ், கோப்பு வழியில் மாறவில்லை என்று மட்டும் சொல்லும். நான் யோக்கியன் என்று சொல்லாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. டெபியன் வெளியிடும் பாதுகாப்புத் திருத்தங்கள் டெபியனின் கெர்னலுக்குத்தான் வரும். நான் மாற்றியதை நான்தான் திருத்தணும். 2007இல் சென்னை சி-டாக், டெபியனை அடிப்படையாக வைத்து பாஸ் லினக்ஸை வெளியிட்டது. அதன் பின்னால் ஓர் அரசு நிறுவனம் இருந்தது. என் வட்டுக்குப் பின்னால் நான் ஒருத்தன்தான். நாளைக்கே வேலை மாறி கோலாலம்பூர் போய்விடலாம்.

அப்படியானால் படிக்கத் தெரியாதவருக்குத் திறந்த நிரலால் என்ன பயன்? என்னை நம்பாமலிருக்க ஒரு வழி. வேறொருவரைக் கூப்பிட்டு, “இவன் என்ன செய்து வைத்திருக்கிறான், பாரு” என்று கேட்கலாம். அந்த வழியை அடைக்காமல் வைப்பதுதான் கொடுப்பவனின் கடமை. அதனால் என் வட்டில் டெபியனின் அசல் கெர்னலும் இருக்கணும், பூட் மெனுவில் இரண்டும் தெரியணும். என்ன மாற்றினேன், எப்படித் திரும்புவது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி வைக்கணும். நான் இல்லாமலும் அந்தக் கடை ஓடணும்.