பலகையில் ஒட்டியிருந்தது

2019 ஜூன். சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிகள் வறண்டு கிடந்த மாதம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஆறு மணி தாண்டியிருக்கும், நூலகத்திலிருந்து விடுதிக்குத் திரும்பும் வழியில் துறைக்குள் எட்டிப் பார்த்தேன். அலுவலக உதவியாளர் அறிவிப்புப் பலகையின் கண்ணாடிக் கதவைத் திறந்து, ஒரு தாளைக் குத்திவிட்டு, மறுபடியும் பூட்டிக்கொண்டிருந்தார். ஆவணக் காப்பகங்களில் தங்கி ஆய்வு செய்ய முழுநேர முனைவர் பட்ட மாணவர்களுக்கு 30 நாள் பயண நிதி. துறைக்கு ஒருவர். நெறியாளரின் கையெழுத்தோடு மூன்று பக்கத் திட்டம் தர வேண்டும். கடைசித் தேதி அடுத்த புதன்கிழமை.

எங்கள் துறையில் அந்த நிதிக்குப் பொருத்தமான ஆய்வு செய்துகொண்டிருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி என் அறைத்தோழி.

இரவு ஒன்பதரைக்கு அவள் வந்தாள். "சாப்டியாடி?" என்று கேட்டாள். சாப்பிட்டுவிட்டேன் என்றேன். "லைப்ரரி போனியா?" போனேன் என்றேன். இரண்டும் உண்மை. பிறகு அவள் பக்கெட்டை எடுத்துக்கொண்டு குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போனாள். நான் திட்டத்தின் முதல் பத்தியை எழுத ஆரம்பித்தேன்.

நிதி எனக்குக் கிடைத்தது. டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகத்தில் 30 நாள் உட்கார்ந்து படித்தேன். என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் அங்கிருந்து வந்ததுதான்.

நான் பொய் சொல்லவில்லை. தாளைக் கிழிக்கவில்லை. பலகையில் ஒட்டியிருந்தது, யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். இந்த மூன்று வாக்கியங்களையும் பல வருடங்களாக எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்றும் சரியான வாக்கியங்கள்தான். சரியாக இருப்பதை ஏன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது?

*

ஆராய்ச்சி மாணவர் என்றாலே அரசு உதவித்தொகை வாங்குபவர் என்று வெளியில் ஒரு நினைப்பு இருக்கிறது. எல்லோரும் வாங்குவதில்லை. யு.ஜி.சி.யின் நெட் தேர்வில் மேலே வந்து ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2019 ஜனவரியிலிருந்து மாதம் 31,000 ரூபாய். 2023 ஜனவரியிலிருந்து அது 37,000. நெட் வழியாக வராதவர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் மாதம் 8,000. 2015 அக்டோபரில் அதையும் நிறுத்துவதாக யு.ஜி.சி. முடிவெடுத்தபோது, மாணவர்கள் டெல்லியில் அதன் அலுவலக வாசலிலேயே இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் அந்தத் தொகை வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கை. நாங்கள் படித்தது மாநிலப் பல்கலைக்கழகத்தில். எனக்கு ஜே.ஆர்.எஃப். இருந்தது. அவளுக்கு அந்த 8,000கூட இல்லை.

காலையில் துறையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியம்வரை படிப்பாள். மூன்று மணிக்குக் கிளம்பி, இரண்டு பஸ் மாறிப் போய், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுப்பாள். விடுதி மெஸ் பில்லும் அதில்தான், ஊருக்கு அனுப்புவதும் அதில்தான். அந்த வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அவள் யாரோ ஒரு வீட்டு வரவேற்பறையில் பிரெஞ்சுப் புரட்சி நடத்திக்கொண்டிருந்தாள். நான் பலகை முன்னால் நின்றேன். மாதா மாதம் வங்கியில் விழுந்த 31,000 ரூபாய்தான் என்னை அங்கே நிற்க வைத்தது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. பலகை எல்லோருக்கும் பொது. அதன் முன்னால் நிற்பதற்கான நேரம் அப்படிப் பொதுவாக இல்லை.

என் மூன்றாவது வாக்கியம் இங்கேயே ஆட்டம் காண்கிறது.

*

என் ஆய்வு 1876–78 பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்தில் நடந்த தானிய வியாபாரம் பற்றியது. ரயிலும் தந்தியும் வந்துவிட்ட காலம் அது. ஓர் ஊரில் விலை ஏறினால் தூரத்து வியாபாரிக்குத் தந்தியில் தெரிந்துவிடும். மூட்டைகள் விலை ஏறிய பக்கம் கிளம்பிவிடும். முன்னால் தெரிந்துகொண்டவனுக்கு லாபம். இதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் சிசரோ சொல்லும் ஒரு தானிய வியாபாரியைச் சந்தித்தேன்.

கி.மு. 44இல் 'கடமைகள் குறித்து' என்ற நூலைச் சிசரோ எழுதினார். ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்குச் சொல்வதுபோல எழுதியது. அதன் மூன்றாம் பகுதியில் இப்படி ஒரு சிக்கல் வருகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாண்ட்ரியாவிலிருந்து ஒரு வியாபாரி கப்பல் நிறைய தானியத்தோடு வந்து சேர்கிறார். நல்ல மனிதர்தான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருக்கின்றன. வழியில் அவரே பார்த்திருக்கிறார். தீவில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. சொன்னால் விலை விழுந்துவிடும். சொல்ல வேண்டுமா?

இதில் இரண்டு ஸ்டோயிக் தத்துவவாதிகள் மோதுகிறார்கள். பாபிலோனைச் சேர்ந்த டயோஜீனஸ், அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர். ஆசிரியரின் கட்சி இது: சரக்கில் குறை இருந்தால் சட்டம் கேட்கிற அளவுக்குச் சொல்லியாக வேண்டும், ஏமாற்றக் கூடாது. மற்றபடி நல்ல விலைக்கு விற்க வியாபாரிக்கு உரிமை உண்டு. மறைப்பது வேறு, சொல்லாமல் இருப்பது வேறு. உனக்குப் பயன்படுகிற எல்லாவற்றையும் உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்க எனக்குக் கடமை இல்லை. மாணவர் இதை ஏற்கவில்லை. மனிதர்களோடு சேர்ந்து வாழத்தானே பிறந்திருக்கிறாய், அவர்களுடைய நன்மையும் உன் நன்மையும் ஒன்று இல்லையா, உணவு பக்கத்தில் வந்துகொண்டிருப்பதை அவர்களிடம் மறைப்பாயா என்று கேட்கிறார்.

முதல் தடவை படித்தபோது நான் டயோஜீனஸ் பக்கம். அவரை இப்போதும் லேசாகத் தள்ளிவிட முடியாது. என் திட்டத்தில் என்ன எழுதப்போகிறேன் என்று அறைத்தோழியிடம் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பல வாரங்கள் தூசி தட்டிக் கண்டுபிடித்த கோப்பு எண்ணை அவளுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியதும் இல்லை. கொடுத்தால் பெருந்தன்மை. கொடுக்காவிட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆனால் தீர்ப்புச் சொல்லும்போது சிசரோ வேறோர் இடத்தில் கை வைக்கிறார். வாய் திறக்காமல் இருப்பதெல்லாம் மறைப்பு ஆகிவிடாது. தெரிந்தால் யாருக்குப் பயன்படுமோ அவருக்கு அது தெரியாமலே இருக்கட்டும் என்று உன் லாபத்துக்காக நீ விரும்பினால், அது மறைப்பு.

அந்த 'விரும்பினால்' என்ற இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன். ஏனென்றால் இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது.

திங்கட்கிழமை காலை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் துறைக்குப் போனோம். முன்வாசல் வழியாகப் போனால் பலகையைத் தாண்டித்தான் போக வேண்டும். "பின்பக்கமா போலாம்டி, டீ குடிச்சிட்டுப் போயிரலாம்" என்றேன். கேன்டீன் பின்பக்கம். அங்கிருந்து படியேறினால் நேராகக் கையெழுத்துப் பதிவேடு இருக்கிற அறை. டீக்கு நான்தான் காசு கொடுத்தேன். செவ்வாய்க்கிழமையும்.

*

1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அவரிடம் பட்டம் இல்லை. வானிலை ஆய்வுத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் அவருடைய கணக்குகளைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். வாய்ப்புக்குக் கால் கிடையாது, யாராவது தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும் என்பதற்கு இதைச் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்த 75 ரூபாய்க்கு வாக்கர் போட்டியாளர் இல்லை. இழக்க எதுவும் இல்லாதபோது சொல்வது சுலபம்.

எனக்கு வாய்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்தவளுக்கு இழக்க இருந்தது. 2017இல், எம்.ஏ. முடித்திருந்த சமயம், நெட் தேர்வைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேனே தவிர எப்போது, எப்படி விண்ணப்பிப்பது என்று தெரியாது. விடுதியில் எங்களுக்கு மூத்த அக்கா ஒருத்தி ஒரு ராத்திரி வந்து கதவைத் தட்டினாள். "ஏய், நெட்டுக்கு நாளைக்கு லாஸ்ட் டேட்டுடி. போட்டோ இருக்கா உங்கிட்ட?" மறுநாள் காலையில் பிரவுசிங் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போய், பக்கத்தில் உட்கார்ந்து, விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள். அவளுக்கும் அதே பாடம். அப்போதிருந்த வயது வரம்புப்படி ஜே.ஆர்.எஃப்.புக்கு அவளுக்கு அதுதான் கடைசி முறை. முடிவு வந்தபோது எனக்கு ஜே.ஆர்.எஃப்., அவளுக்கு உதவிப் பேராசிரியர் தகுதி மட்டும். நான் எழுதாமல் இருந்திருந்தால் அவளுக்குக் கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. நாடு முழுக்க எழுதுகிற தேர்வு. ஆனால் இருந்த இடங்களில் ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன் என்பது நிஜம்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏன்க்கா எங்கிட்ட சொன்னீங்க?" அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "சொல்லாம எப்படிடி இருக்கிறது?" என்றாள்.

அந்தப் பதிலின் பொருள் எனக்குப் பிடிபட்டது விடுதிக்கு எதிர்த்தெருவில். 2019 ஜூனில் அங்கே தண்ணீர் லாரி வரும். சத்தம் கேட்ட முதல் பெண், குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதே, "லாரி வந்துருச்சு" என்று தெருவைப் பார்த்துக் கத்துவாள். கத்தக் கத்த வரிசை நீளும், லாரியில் இருக்கிற தண்ணீர் கூடாது. இது எல்லோருக்கும் தெரியும். வரிசையில் சண்டை வரும், குடங்கள் உருளும், முந்தாநாள் யார் எத்தனை குடம் பிடித்தாள் என்ற கணக்கெல்லாம் வெளியே வரும். பெருந்தன்மை என்று அங்கே யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள். ஆனால் லாரி வந்தது தெரிந்தும் குரல் கொடுக்காதவளை மட்டும் அந்தத் தெரு மன்னிக்காது.

டயோஜீனஸுக்கான என் பதில் அந்தத் தெருவில் இருக்கிறது. வரிசையில் நின்ற பிறகு போட்டி போடலாம். என் குடம் பெரிதாக இருக்கலாம், நான் வேகமாக ஓடலாம், என் திட்டம் அவளுடையதைவிட நன்றாக இருக்கலாம். லாரி வந்த செய்தி மட்டும் என் சொத்து கிடையாது. நான் தேடிக் கண்டுபிடித்த கோப்பு எண் என் உழைப்பு. பலகையில் இருந்த தாளை நான் உண்டாக்கவில்லை. 'முழுநேர முனைவர் பட்ட மாணவர்கள்' என்று அதில் போட்டிருந்தது; அதில் அவளும் உண்டு. அவளுக்கும் சேர்த்து வந்த கடிதத்தை முதலில் பிரித்துப் படித்த நான், மேசைக்குள் வைத்து மூடிவிட்டேன்.

இன்னொரு பதிலும் இருக்கிறது, நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். துறைக்கு ஒருவர் என்று வைத்தது யார்? ஐந்தே நாள் கெடு கொடுத்தது யார்? கண்ணாடிக்குள் பூட்டி வைத்தது யார்? இரண்டு பெண்களை ஒரு தாளுக்காக மோதவிடுகிற ஏற்பாட்டை விட்டுவிட்டு நீ ஏன் உன்னையே குடைந்துகொள்கிறாய் என்பார்கள். ஏற்பாடு மோசம்தான், அதற்காகக் குரல் கொடுக்கத்தான் வேண்டும். தண்ணீர் இல்லாமல் போனதற்கு அந்தத் தெருப் பெண்களும் காரணம் இல்லை. ஆனாலும் கத்தினார்கள். என்னைப் பின்படிக்கட்டு வழியாகப் போகச் சொல்லி எந்த ஏற்பாடும் சொல்லவில்லை.

*

டெல்லியிலிருந்து திரும்பிய அன்று அவள் கேட்டாள். "நோட்டீஸ் எப்படி வந்துச்சு?"

"போர்டுல போட்டிருந்தாங்க."

"ஓ." கொஞ்ச நேரம் கழித்து, "டெல்லில வெயில் ரொம்பவா?" என்றாள்.

ஒன்றரை வருடம் கழித்து அவள் ஆய்வை நிறுத்திவிட்டு ஒரு தனியார் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அதற்கு நான்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டால், அவளுடைய வாழ்க்கையில் எனக்கு நானே பெரிய இடம் கொடுத்துக்கொள்வதாக ஆகும். வீட்டில் கடன் இருந்தது, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. விண்ணப்பித்திருந்தாலும் அவள் தோற்றிருக்கலாம். ஆனால் போட்டியிட்டுத் தோற்பது அவளுடைய உரிமை. அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். இதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்வது அவளுக்குப் பயன்படுமா, என் பாரத்தை இறக்கிவைக்க மட்டும் பயன்படுமா என்று தெரியாததால் என்று எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். இதுவும் ஒரு சரியான வாக்கியம்.

போன மாதம் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு நிதி ஒன்றைப் பற்றிய அறிவிப்பு என் கைக்கு வந்தது. ஒரே ஓர் இடம். அதற்கு என்னைவிடப் பொருத்தமான ஒரு பெண்ணை எனக்குத் தெரியும், என் ஜூனியர். பார்த்தவுடன் அவள் முகம்தான் நினைவுக்கு வந்தது. அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "தேங்க்ஸ்க்கா, எனக்குத் தெரியவே தெரியாது. நீங்க சொல்லலன்னா விட்டிருப்பேன்."

அறிவிப்பு எனக்கு வந்தது திங்கட்கிழமை. அவளுக்கு அனுப்பியது வியாழக்கிழமை, என் விண்ணப்பத்தை முடித்துப் பதிவேற்றிய பிறகு. கடைசித் தேதிக்கு இன்னும் நாள் இருந்தது, அவளும் அனுப்பிவிட்டாள். யாருக்கும் நஷ்டம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். குடத்தை நிரப்பி ஓரமாக வைத்துவிட்டுத்தான் தெருவைக் கூப்பிட்டிருக்கிறேன்.