மருந்து நின்ற பிறகு

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் ரத்தப் புற்றுநோய்க்கு. அதிலும் 'அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா' என்ற வகைதான் அதிகம். 1960களின் தொடக்கத்தில் இது கண்ட பிள்ளைகளில் ஐந்து ஆண்டுகளைத் தாண்டியவர்கள் பத்துக்கு ஒருவர்கூட இல்லை. இன்று வசதி படைத்த நாடுகளில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். நம் வேலியோரம் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுத்த வின்கிறிஸ்டினுக்கும் இதில் பங்கு உண்டு. பிள்ளையின் உடம்பு தேறினால் பெற்றவர்களின் மனமும் கூடவே தேறிவிடும் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி நடப்பதில்லை. மனம் தனக்கென்று வேறொரு கணக்கு வைத்திருக்கிறது.

நோயின் பெயரைச் சொல்லும் நாளிலிருந்து பார்ப்போம். மருத்துவர் அரை மணி நேரம் பொறுமையாக விளக்கியிருப்பார். வெளியே வந்த தாயிடம் கேட்டால், "கேன்சர்னு சொன்னாரு. அதுக்கப்புறம் என்ன சொன்னாருன்னே தெரியல" என்பார். கவனக்குறைவு இல்லை அது. பேரச்சம் வந்து உட்கார்ந்த மூளையில் புதுச் செய்தி ஏறாது. இதை அறிந்த மருத்துவர்கள் அதே செய்தியை மறுநாளும் அடுத்த வாரமும் திரும்பச் சொல்வார்கள், முடிந்தால் எழுதியும் கொடுப்பார்கள்.

அடுத்து வேலைகள் வந்து குவிகின்றன. முதல் நான்கு வாரங்களில் நோய்ச் செல்களை ஒடுக்க வேண்டும். ஸ்டீராய்டு கொடுப்பதால் பிள்ளைக்கு அகோரப் பசி, காரணமில்லாத கோபம், நடுராத்திரியில் சோறு கேட்டு அழுகை. முதுகுத்தண்டில் ஊசி. ரத்தத்தில் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை இறங்கிவிட்டால் லேசான காய்ச்சல்கூட உயிருக்கு ஆபத்து என்பதால் தெர்மாமீட்டரும் கையுமாக இருக்க வேண்டும். முடி கொட்டிய பிள்ளையோடு பேருந்தில் போகும்போது "எந்தக் கோயில் மொட்டை?" என்று யாராவது கேட்பார்கள். "பழனிக்கு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வதுதான் எளிது. இத்தனைக்கும் நடுவே அழ நேரமில்லை. அழாமல் இருப்பதைச் சுற்றியுள்ளவர்கள் தைரியம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த நாட்களிலும் உள்ளே ஒரு விசாரணை நடந்துகொண்டிருக்கும். இந்த நோய் தொடங்குவதே சோர்வு, விட்டு விட்டு வரும் காய்ச்சல், கால்வலி, அங்கங்கே கன்றிய தோல் என்றுதான். எந்த வீட்டிலும் முதலில் "விளையாடுறப்ப அடிபட்டிருக்கும்" என்றுதான் சொல்வார்கள். பிறகு அந்த ஒரு வாக்கியமே பெற்றவளைத் துரத்தும். கர்ப்பத்தில் சாப்பிட்டது, வாங்கிக்கொடுத்த நொறுக்குத்தீனி, நிறைவேற்றாமல் விட்ட நேர்த்திக்கடன் என்று சந்தேகப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ரத்தச் செல்லின் மரபணுவில் தற்செயலாக ஏற்படும் பிழைகளால் வரும் நோய் இது. பெற்றவர் செய்த எதுவும் காரணமில்லை. மருத்துவர் இதை எத்தனை முறை சொன்னாலும் மனம் விடுவதில்லை. ஏனென்றால் தற்செயல் என்பது இன்னும் பயங்கரம். காரணமே இல்லாமல் வந்தது காரணமே இல்லாமல் திரும்பியும் வரலாம் அல்லவா? தன் தப்பு என்றால் திருத்திக்கொள்ளவாவது ஒரு வழி இருக்கிறது. ஆகவே "உங்க தப்பு இல்லம்மா" என்ற ஆறுதல் சில சமயம் அவர் பிடித்திருக்கும் கடைசிப் பிடியையும் உருவுவதாக ஆகிவிடுகிறது.

பெற்றவர்களின் மனநிலையைப் பற்றிய பழைய ஆய்வுகளில் முக்கியமான ஒன்று 1963இல் வெளிவந்தது. ஸ்டான்ஃபோர்ட் ஃப்ரீட்மனும் கூட்டாளிகளும் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில், புற்றுநோய் கண்ட 27 பிள்ளைகளின் 46 பெற்றோரைக் கவனித்து எழுதியது. பெற்றோரைவிடத் தாத்தா பாட்டிகள்தான் நோயை நம்ப மறுத்தார்கள் என்கிறது அது. உறவினர்கள் தைரியம் சொல்லப் போய்ப் பாரத்தைக் கூட்டினார்கள். படிக்கும்போது நம் வீட்டுக் கூடம் நினைவுக்கு வரும். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, வேற டாக்டரப் பாருங்க" என்று சொல்லாத சித்தப்பா உண்டா? அடுத்த ஆண்டு அதே குழு, பெற்றோரின் சிறுநீரில் மன அழுத்த ஹார்மோனின் சிதைவுப் பொருளை அளந்தது. மனத்தின் தற்காப்பு நன்றாக வேலை செய்தவர்களிடம் அது குறைவாகவே இருந்தது. அதாவது, அமைதியாகத் தெரிகிறவர் எல்லோரும் உள்ளே வெந்துகொண்டிருக்கிறார் என்று நாம் முடிவுகட்ட வேண்டியதில்லை. கொஞ்சம் மறுத்துக்கொள்வதும் பார்க்காமல் இருப்பதும் சிலரைக் காப்பாற்றவே செய்கிறது. அவர்களை உட்காரவைத்து வலுக்கட்டாயமாக 'மனம்விட்டுப் பேச' வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பிற்காலத்து ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. பெற்றோரின் கலக்கத்தைத் தீர்மானிப்பது நோய் எவ்வளவு முற்றியது என்பதைவிட, பிள்ளை போய்விடும் என்று அவர்கள் எவ்வளவு பயந்தார்கள் என்பதுதான். பிழைத்த பிள்ளைகளைக் காட்டிலும் பெற்றவர்களிடமே கெட்ட கனவும் திடுக்கிடலும் அதிகம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1994இல், தன் பிள்ளைக்கு உயிர்க்கொல்லி நோய் என்று தெரியவருவதையே மனக்காய நோய்க்குப் போதுமான அதிர்ச்சியாக ஏற்றுக்கொண்டது. 2013 பதிப்பில் அந்தக் கதவைச் சுருக்கினார்கள். வெறும் நோய்ச் செய்தி போதாது, கண்ணெதிரே நேர்ந்த திடீர் பேராபத்தாக இருக்க வேண்டும் என்றார்கள். வரையறைக்கு அது தேவைதான். தூக்கம் கெட்டவருக்கு அதனால் தூக்கம் வந்துவிடாது.

இனி, பலரும் எதிர்பாராத கட்டம். இரண்டு, இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு ஒருநாள், "இன்னையோட மாத்திரையை நிறுத்திடலாம்" என்கிறார் மருத்துவர். உறவுகள் இனிப்பு கொடுக்கின்றன. அப்பாவும் அம்மாவும் சிரிக்கிறார்கள். சில வாரங்களில் அம்மா உடைந்துபோகிறார். யாருக்கும் புரிவதில்லை, அவருக்கே புரிவதில்லை. யோசித்தால் காரணம் தெளிவு. தினமும் ராத்திரி கொடுத்த மெர்காப்டோப்யூரின் மாத்திரைதான் நோய்க்கும் பிள்ளைக்கும் நடுவே நின்றது. அது இப்போது இல்லை. நோய் திரும்பும் வாய்ப்பு முதல் சில ஆண்டுகளில்தான் அதிகம் என்பதும் தெரியும். வாராவாரம் பார்த்த நர்ஸ் இல்லை, அடுத்த கட்டிலில் இருந்த அதே கதைக்காரி இல்லை. ஓடிக்கொண்டிருந்தவரை எட்டிப் பிடிக்க முடியாத பயம், உட்கார்ந்ததும் வந்து பிடித்துக்கொள்கிறது.

இதன் நீட்சியை மாரிஸ் கிரீனும் ஆல்பர்ட் சோல்னிட்டும் 1964இலேயே எழுதினார்கள். சாவின் வாசல்வரை போய்வந்த பிள்ளையை, அது முழுக்கக் குணமான பிறகும், எந்த நேரமும் உடைந்துவிடும் பொருளாகப் பெற்றோர் நடத்துவதை அவர்கள் விவரித்தார்கள். பள்ளிக்கு அனுப்பத் தயக்கம், எந்தக் கண்டிப்பும் இல்லை, தும்மினால் மருத்துவமனை. வீட்டில் இருக்கும் மற்றப் பிள்ளை, சிகிச்சைக் காலம் முழுக்கப் பாட்டி வீட்டில் விடப்பட்டிருந்த பிள்ளை, இதைப் பார்த்துக்கொண்டே வளர்கிறது.

என்ன செய்யலாம்? மிகச் சாதாரணமான ஒன்று பயன் தருவதாக 2005இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. புற்றுநோய் கண்ட பிள்ளைகளின் தாய்மார்கள் 430 பேர் அதில் கலந்துகொண்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு எட்டு அமர்வுகளில், ஒரு சிக்கலை எடுத்துத் துண்டு துண்டாகப் பிரித்து வழி தேடும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். 'இனி எப்படி வாழ்வேன்' என்பதற்கு யாரிடமும் விடை இல்லை. 'புதன்கிழமை பெரியவளைப் பள்ளியிலிருந்து யார் அழைத்துவருவது' என்பதற்கு உண்டு. பயிற்சி பெற்றவர்களின் மனச்சோர்வு மற்றவர்களைவிடக் குறைந்தது.

இதோடு, மாத்திரை நிற்பதற்கு முன்பே இனிமேல்தான் பயம் கூடும் என்று சொல்லிவைக்க வேண்டும். எந்தக் காய்ச்சலுக்கு ஓடிவர வேண்டும், எதற்கு வேண்டாம், அடுத்த ரத்தப் பரிசோதனை என்றைக்கு என்பதையும் எழுதிக்கொடுக்க வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமோ பசியோ இல்லாதவரை மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். "நீங்க தூங்குறீங்களா?" என்று அம்மாவிடம் கேட்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அப்பாவிடம் கேட்க வேண்டுமென்றால் நேரம் பார்த்துத் தனியாகக் கூப்பிட வேண்டும். ரவுண்ட்ஸ் வரும் நேரத்தில் அவர் காப்பீட்டு கவுன்டரிலோ ரத்த வங்கி வரிசையிலோ நின்றுகொண்டிருப்பார்.