இடைத்தங்கல்

கோவைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் வேறு எதற்கோ வந்தவர்கள். ஊட்டிக்கு, கல்யாணத்துக்கு, மருத்துவமனையில் உறவினரைப் பார்க்க. வந்த காரியம் முடிந்ததும் கையில் ஒரு பகல் மிஞ்சும். ஆர்.எஸ்.புரத்தில் புடவை எடுக்கலாம், மருதமலை ஏறலாம், பேரூர் போய்ப் பட்டீஸ்வரரைக் கும்பிடலாம். எல்லாமே நல்ல காரியங்கள்தான். எனக்கு அப்படி மிஞ்சிய ஒரு பகலில் பழைய வணிக ஊரான கொடுமணலுக்குப் போனேன். அவிநாசி, செங்கப்பள்ளி, ஊத்துக்குளி வழியாக நொய்யலின் வடகரைக்கு.

*

கொடுமணலே ஒரு இடைத்தங்கல்தான் என்று போகிற வழியில் நினைத்துக்கொண்டேன். மேற்கே முசிறித் துறையில் இறங்கிய சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்குச் சமவெளிக்குள் நுழையும். நொய்யலை ஒட்டியே கிழக்கே போனால் கரூர், அதற்கு அப்பால் காவிரி, கடைசியில் கீழைக்கடல். அந்தத் தடம் போன வழியைக் காசுகள் சொல்கின்றன. வெள்ளலூரில் ரோமானியக் காசுப் புதையல் கிடைத்தது. கொடுமணலுக்குப் பக்கத்துக் கத்தாங்கண்ணியில் 1913இல் ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. யாரோ புதைத்துவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை.

பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில் கிழாரும் இந்த ஊரைக் கொடுமணம் என்று பாடியிருக்கிறார்கள். இரண்டு பேருமே பந்தர் என்ற ஊரோடு சேர்த்தே சொல்கிறார்கள். கொடுமணத்து அணிகலனும் பந்தரின் முத்தும் அவர்கள் மனதில் ஒரே மூச்சில் வருபவை. கடலிலிருந்து இத்தனை தொலைவில் இருக்கும் ஊர், முத்துக்குப் பேர்போன ஊருக்குத் துணையாகப் பாட்டில் நிற்கிறது.

*

பார்ப்பதற்கு அதிகம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஏமாந்துபோவார்கள். கோபுரம் இல்லை, மதில் இல்லை. கிளுவை வேலி, வெள்வேல மரங்கள், காய்ந்த புல், பனைகள். புல்லுக்கு நடுவே வட்டமாகக் கிடக்கும் பாறைகள். ஒரு வட்டத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரமாகும், பிறகு கண் பழகி அடுத்ததும் அதற்கு அடுத்ததும் தானாகத் தெரியும். ஆளுயரத்தைத் தாண்டிய குத்துக்கல் ஒன்று நிற்கிறது. அதற்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது வெயிலில் கல்லின் ஓரம் மட்டும் எரிந்தது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் தூரத்திலிருந்தே என்னைக் கவனித்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

“எங்க சாமி போற? குழி பாக்க வந்தியா?”

“ஆமாங்கம்மா. இதெல்லாம் உங்க காடுங்களா?”

“எங்குளுது இல்ல சாமி. ஆடு மட்டும் மேயும். அது பாண்டியங்குழி. செத்தவிகள வெச்ச எடம். அந்தக் கல்லு மேல ஏறாத, என்ன?”

ஏறமாட்டேன் என்றேன். அவர் போதும் என்பதுபோல் தலையசைத்துவிட்டு ஆட்டுக்குப் பின்னால் போய்விட்டார். தொல்லியல் துறையின் பலகைகள் எத்தனையோ ஊர்களில் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு சொல்லைப்போல எதுவும் என்னைக் கட்டுப்படுத்தியதில்லை.

மேய்ச்சல் காடாக விட்ட இடத்தில்தான் கல்வட்டங்கள் மிஞ்சுகின்றன. ஏர் போன இடத்தில் கற்கள் வரப்புக்குப் போயின, கிணற்றுக்குப் போயின. காங்கேயத்துப் பக்கம் கொறங்காடு என்று உழாமல் விட்டு மாடு மேய்க்கும் நிலம் உண்டு. மாட்டுக்காகக் காத்த நிலம் செத்தவர்களையும் சேர்த்துக் காத்திருக்கிறது.

*

இங்கே ஏறத்தாழ முந்நூறு ஈமச்சின்னங்கள் கணக்கெடுக்கப்பட்டிருக்கின்றன. 1985இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வைத் தொடங்கியது. பேராசிரியர் எ. சுப்பராயலுவும் கா. ராஜனும் அந்தப் பணியின் முக்கியமான பெயர்கள். பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சார்பில் ராஜன் 2012லும் 2013லும் மீண்டும் தோண்டினார், அதன்பின் மாநிலத் தொல்லியல் துறை வந்தது. இத்தனை ஆண்டுகளில் திறந்து பார்த்த கல்லறைகள் மொத்தத்தில் சிறு பங்குதான்.

இந்த விவரம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஒரு மத்தியானத்தில் என்ன பார்த்துவிட முடியும் என்ற உறுத்தல் வழியெல்லாம் இருந்தது. வாழ்நாளைக் கொடுத்தவர்களும் ஒரு மூலையைத்தான் பார்த்திருக்கிறார்கள். கொடுமணலை முழுக்கப் பார்த்தவர் யாருமில்லை, பார்க்கவும் முடியாது. ஆகவே ஒரே ஒரு கல்லறையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மற்றவற்றுக்குப் போகவில்லை.

*

திறந்து கிடந்த ஒரு கற்பதுக்கை. நான்கு பெரிய பலகைக் கற்கள், செங்குத்தாக. முதலில் பெட்டிபோலத்தான் தெரிந்தது. பிறகுதான் மூலைகளைப் பார்த்தேன். எந்தப் பலகையும் அடுத்த பலகையோடு முனைக்கு முனை பொருந்தி நிற்கவில்லை. ஒவ்வொன்றும் அடுத்ததைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நீள்கிறது. நான்கும் சுற்றிச்சுற்றி ஒன்றையொன்று தடுத்து நிற்கும் ஏற்பாடு, மேலிருந்து பார்த்தால் சுவஸ்திக வடிவம். வெளியே நிரப்பிய மண் உள்நோக்கித் தள்ளும்போது, பலகை உள்ளே சாயப் பார்க்கும். பக்கத்துப் பலகை அதைத் தாங்கும். மண் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுக்கம் கூடும். சுண்ணாம்பு இல்லை, ஆணி இல்லை. சுமையையே கட்டுமானமாக மாற்றியிருக்கிறார்கள்.

கிழக்குப் பலகையில் வட்டமாக ஒரு துளை. இடுதுளை என்பார்கள். அதன் விளிம்பைக் கிட்டத்தில் பார்த்தேன். ஒரு பக்கம் சரிவாக, மறுபக்கம் சரிவாக, நடுவில் இரண்டும் சந்திக்கும் இடத்தில் சிறு மேடு. இரண்டு புறமிருந்தும் கொத்தி வந்து நடுவில் சேர்ந்திருக்கிறார்கள். உயிர் போய்வர வைத்தது என்று சிலர் சொல்கிறார்கள். பின்னாளில் இறந்தவர்களின் எலும்பையும் படையலையும் உள்ளே வைக்க என்று சிலர் சொல்கிறார்கள். நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். மூடிய கல்லறைக்குள் மறுபடியும் கை நீட்ட ஒரு வழி வேண்டும் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள் என்பதே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. இறந்தவரோடு இருந்த பேச்சு அடக்கத்தோடு முடியவில்லை.

இந்தக் கல்லறைகளைக் கட்டியவர்களுடைய வீடுகள் மண்ணும் மரமும். குடியிருப்புப் பகுதியில் மிஞ்சியவை கம்பம் நட்ட குழிகளும் தரைகளும்தான்.

*

கல்லறைகளில் கிடைத்தவை பற்றி வீட்டில் படித்திருந்தேன். ஒரே ஈமக்குழியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள். சூதுபவளமும் நீலக்கல்லும் பதித்த சிறு வெண்கலப் புலி. இரும்பு வாள்கள். கருப்பு சிவப்புப் பானைகள்.

இவற்றில் மனம் நிற்பது மணியில்தான். சூதுபவளம் இந்த மண்ணின் கல் அல்ல. மூலக்கல் குஜராத், மராட்டியப் பக்கத்திலிருந்து வந்தது. பச்சைக்கல் பக்கத்துப் படியூரில் கிடைத்தது, பளிங்கும் நீலக்கல்லும் சுற்றுவட்டாரத்தில். இரும்புக்குச் சென்னிமலைப் பக்கம். ஊர் இந்த இடத்தில் அமைந்ததற்கான காரணங்கள் ஒரு நடைப்பயணத் தொலைவுக்குள் அடங்குகின்றன. மங்கலாக வரும் மூலக்கல்லைச் சூடேற்றினால் உள்ளிருக்கும் இரும்பு சிவக்கும். பிறகு உடைத்து, சில்லெடுத்து, உரசி, துளைபோட்டு, மெருகேற்றுவார்கள். துளை ஒரு பக்கமிருந்து பாதி, மறுபக்கமிருந்து பாதி. ஒரேயடியாகத் துளைத்தால் வெளியேறும் இடத்தில் கல் சிதறிவிடும்.

மேலே பெரும் பலகையில் பார்த்த அதே முறை, சின்ன மணியிலும். இரு புறமும் துளைத்து நடுவில் சேர்வது. ஒரே ஊரின் கை.

எந்தக் கட்டத்திலும் பழுதாகிப்போனவை உண்டு. துளை பாதியில் நின்றவை, மெருகேற்றுமுன் விரிசல்விட்டவை. தொழில் இங்கேதான் நடந்தது என்று உறுதியாகச் சொல்ல உதவுவது அந்தக் கழிவுதான். நல்ல மணிகள் வணிகனோடு போய்விட்டன. ஊரின் வரலாற்றை வைத்துக்கொண்டிருப்பது விற்காமல் போன மணிகள்.

*

இடைத்தங்கலில் கல்லறை பார்ப்பது என்றதும் மால்ட்டா நினைவுக்கு வந்தது. பெரிய உல்லாசக் கப்பல்கள் வல்லெட்டாத் துறையில் காலையில் நிற்கும், சாயங்காலம் கிளம்பும். பயணிகள் அந்தச் சில மணி நேரத்துக்குள் ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஹஜார் கிம், ம்னாய்த்ராக் கற்கோயில்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அங்கேயே ஹால் சஃப்லியேனி என்ற நிலவறைக் கல்லறைக்கு மட்டும் கப்பல் அவசரம் செல்லாது. ஒரு மணி நேரத்துக்குப் பத்துப் பேர், அவ்வளவுதான். முன்பதிவு இல்லாமல் உள்ளே போக முடியாது. மனிதர்களின் மூச்சுக் காற்றும் ஈரமும் சுவரில் தீட்டிய செங்காவி ஓவியத்தைக் கரைக்கும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு.

பார்ப்பதே பழுதாக்கும் இடங்கள் உலகில் உண்டு. கொடுமணல் திறந்த வெளி, என் மூச்சால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கையால் ஆகும். மழை பெய்தபின் இந்தக் காடுகளில் மணி மேலே வரும், ஊர்க்காரர்கள் பொறுக்கி எடுப்பார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. தன் காட்டில் மினுக்குவதை எடுக்காமல் போகிற குழந்தை எங்கே இருக்கிறது? வெளியூரிலிருந்து வருகிற நாம் எடுப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. ஓர் ஓடு எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் சேதி இருக்கிறது. பைக்குள் போனதும் அது வெறும் ஓடு.

என் காலடியிலும் ஒரு சில்லு கிடந்தது. உட்புறம் கருப்பு, வெளிப்புறம் சிவப்பு, ஓரத்தில் இரண்டு நிறமும் சேரும் கோடு. கவிழ்த்து வைத்துச் சுட்டால் காற்றுப் படாத உட்புறம் கருக்கும், படுகிற வெளிப்புறம் சிவக்கும். குனிந்து வெகுநேரம் பார்த்தேன்.

*

இன்னொன்றையும் எழுத வேண்டும், மனம் வராவிட்டாலும். நொய்யல் இங்கே அருகில்தான் ஓடுகிறது. வெள்ளியங்கிரி மலைப்பக்கம் தெளிந்த நீராகப் பிறப்பது, திருப்பூரைத் தாண்டி வரும்போது பல ஆண்டுகள் சாய நீராக வந்தது. பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை அந்தக் கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. பாய்ச்சிய நிலம் உப்பேறியது. 2011இல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, கழிவை வெளியேற்றாத முறைக்கு மாறும் கட்டாயம் வந்தது. மணிக்குச் சிவப்பேற்றத் தெரிந்தவர்கள் வாழ்ந்த கரை இது. துணிக்கு நிறமேற்றிய நம் தலைமுறை இதே ஆற்றைக் கெடுத்தது எனக்கு வலிக்கிறது. பின்னியும் சாயமேற்றியும் பிழைக்கிற குடும்பங்கள் எத்தனை என்பதும் தெரியும். அதனால் வலி குறையவில்லை.

*

பானையோடுகளில் எழுத்து இருக்கிறது. தமிழிப் பொறிப்புள்ள ஓடுகள் கொடுமணலில் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. பெரும்பாலும் ஆள் பெயர்கள். கண்ணன் ஆதன் என்பது உள்ளூர்க்காரன் பெயர்போல ஒலிக்கிறது. சம்பன் சுமணன் என்பதில் வடக்கின் பிராகிருத வாசனை. இருவரும் ஒரே எழுத்தில் பானைமேல் பெயரைக் கீறியிருக்கிறார்கள். இது அரசன் வெட்டிய கல்வெட்டு அல்ல. தன் பானை இன்னாருடையது என்று தெரிய எழுதியது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு வரை இந்த ஊரின் காலத்தைப் பின்னோக்கிக் கொண்டுபோகலாம் என்கிறார்கள். அரசவைக்கு வெளியே, பட்டறைக்காரரும் வணிகரும் எழுதிப் படித்துக்கொண்டிருந்த ஊர் என்பதே எனக்கு அந்தப் பழமையைவிடப் பெரிய செய்தி.

கொங்கு நாட்டிலேயே கொடுமணல்தான் மிகப் பழைய ஊர் என்று சொல்லிவிட முடியாது. பாலக்காட்டுக் கணவாய் பக்கம் மோளப்பாளையத்தில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் கண்ட புதிய கற்கால வாழிடம் இதற்கும் ஆயிரம் ஆண்டு முந்தியது. அங்கேயும் கடற்சிப்பி மணிகள் கிடைத்தன. வணிகப் பெருவழி என்று நாம் பெயர் வைக்குமுன்பே கடலின் சிப்பி நடந்து வந்திருக்கிறது.

*

நண்பர்கள் கேட்டால் இப்படிச் சொல்கிறேன். வெயிலுக்கு முன் போங்கள், இல்லையேல் மூன்று மணிக்கு மேல். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே கடை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஊத்துக்குளியில் வெண்ணெய் வாங்குவதைத் திரும்பி வரும்போது வைத்துக்கொண்டால் உருகாது. ஒரு கல்லறையைத் தேர்ந்தெடுங்கள், பலகைகளின் மூலையையும் இடுதுளையின் விளிம்பையும் பாருங்கள். கல்மேல் ஏறாதீர்கள். ஊர்க்காரர் யாராவது பேச வந்தால் பேசவிடுங்கள், காட்டுக்குள் போவதற்கு அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கிழக்கே போகிறவர்கள் கோவைக்குத் திரும்ப வேண்டாம். சென்னிமலை வழியாக ஈரோட்டுக்குப் போனால் சென்னை ரயில்கள் பெரும்பாலும் அங்கே நிற்கும்.