கண்ணாடி பிடித்த சிறுவன்

"காசே செலவில்லாமல் எடுத்தேன், அண்ணே!" என்றார் அந்த இளைஞர். திருவாரூருக்குத் தெற்கே, வயலும் வாய்க்காலுமாய்க் கிடக்கும் ஓர் ஊர் அவருடையது. கைப்பேசி ஒன்றே கருவி. கதை எழுதியவர், காட்சி பிடித்தவர், வெட்டி ஒட்டியவர் எல்லாம் அவரே. பன்னிரண்டு நிமிடப் படம். அதிலே ஒரு நடவுக் காட்சி: முழங்கால் சேற்றில் குனிந்த பெண்கள், பின்னே கருமேகம். பார்த்தேன், பாராட்டினேன். பிறகு கேட்டேன்:

"எத்தனை முறை குனிந்தார்கள், தம்பி?"

"ஆறு முறை. மேகம் சரியாக அமையும் வரையில்."

"கூலி?"

"தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அவர்களே ஒப்புக்கொண்டுதான் வந்தார்கள்!"

காசே செலவில்லை என்பது மெய்தானா? அவர் காசு செலவாகவில்லை, அது மெய். ஆறு முறை குனிந்த முதுகின் செலவு யார் கணக்கில் ஏறும்?

இளைஞரை இகழ்வதற்காக இதைக் கேட்கவில்லை. ஒன்பது வயதில் தொடங்கிய வேட்கை அவருடையது. மாட்டுக் கொட்டகையை இருட்டாக்கி, பியூஸ் போன பல்பில் தண்ணீர் நிரப்பி, அதன் முன்னே பிலிம் துண்டைப் பிடித்து, தாத்தாவின் வேட்டியிலே படம் காட்டியவர். பின்னர் கலியாண வீடியோக்காரரிடம் எடுபிடியாய் அலைந்தவர். அந்தக் கொட்டகைப் படம் நம்மில் பலர் ஆடிய விளையாட்டுத்தான். ஆனால், அதிலே ஒரு பையன் வெளியே நிற்பான்; நினைவிருக்கிறதா? வெயிலைக் கண்ணாடியில் வாங்கி உள்ளே அனுப்புவது அவன் வேலை. கால் சுடும், கை கடுக்கும், அசைந்தால் உள்ளிருந்து வசவு வரும். ஒளி தந்தவன் அவன். படம் பாராதவனும் அவன் ஒருவனே!

"ஒப்புக்கொண்டார்கள்" என்றார் இளைஞர். அவர் தந்தைக்குப் பத்து மா நிலம். அப்பெண்கள் அதில் நடவுக்கு வருபவர்கள். அவரைச் "சின்ன அய்யா" என்று அழைப்பவர்கள். மறுத்தால் அடுத்த நடவுக்கு அழைப்பு வருமா என்ற அச்சம் நெஞ்சில் இருக்கையில், வாயிலிருந்து வரும் "சரி" இசைவாகுமா? இல்லை என்று சொல்ல இயன்றவன் சொல்லும் "ஆம்" அன்றோ ஆம்!

மராட்டியத்து மாலேகாவ் விசைத்தறி நகரம். அங்கே ஷேக் நாசிர் என்பவர் 2000ஆம் ஆண்டில், 'ஷோலே' படத்தைப் பகடி செய்து, மிகச் சிறு தொகையில் ஒரு படம் எடுத்தார். நடித்தவர்கள் தறித் தொழிலாளர்களும் அக்கம்பக்கத்தாரும். கூலி இல்லாத உழைப்புத்தான் அதுவும். எனினும், அங்கே அழைத்தவனும் வந்தவனும் ஒரே தெரு. பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

"எல்லாருக்கும் கூலி கொடு என்றால் ஏழைப் பிள்ளை படமே எடுக்க முடியாதே! கலை செல்வர் வீட்டுச் சொத்தாகிவிடாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1905இல் சலனப்படத்தை ஊர் ஊராய்க் கொண்டு சென்ற சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் ரயில்வே ஊழியர். செல்வச் சீமான் அல்லர். ஆகவே, கையில் காசில்லாதவன் கருவியைத் தொடலாகாது என்று நான் சொல்லேன். கடனை மறைக்காதே என்கிறேன். பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்தைப் பாருங்கள்: யார் எவ்வளவு தந்தார் என்பது நோட்டில் ஏறும், திருப்பிச் செய்யும் நாள் வரையில் அது நிலுவை. படம் எடுப்பவனுக்கு அப்படியொரு நோட்டு ஏன் கூடாது?

கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் தோழர்களும் 1984இல் 'ஒடேசா' என்ற அமைப்பைத் தொடங்கினர். ஊர் ஊராய்ப் படம் காட்டி, மக்களிடம் திரட்டிய சிறு தொகைகளைக் கொண்டு 1986இல் 'அம்ம அறியான்' வெளிவந்தது. பணம் தந்தவர்களிடமே படமும் திரும்பிச் சென்றது. காப்பீட்டையும் மனைவியின் நகைகளையும் அடகு வைத்துப் 'பதேர் பாஞ்சாலி' எடுத்த சத்யஜித் ராய், அதில் நடித்த மூதாட்டி சுனிபாலா தேவி படம் வெளிவரும் நாள் வரை இருக்கமாட்டார் என்றுணர்ந்து, அவர் வீட்டிலேயே அதைத் திரையிட்டுக் காட்டினார் என்பர். ராயின் புகழுக்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். எனக்கு இந்த ஒன்று போதும்.

இவற்றையெல்லாம் இளைஞரிடம் சொன்னேன். அவர் வாதாடவில்லை. மறுவாரம், அப்பெண்கள் வாழும் தெருவுக்கே சென்று, சுவரில் வேட்டி கட்டிப் படத்தைக் காட்டினார். சிரிப்பும் கூச்சலுமாய்ப் பார்த்தார்களாம். முடிந்ததும், முன்வரிசையில் இருந்த மூத்தவர் எழுந்தார்:

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நடவு தப்பு. திரும்பத் திரும்ப நடக்கச் சொன்னதிலே, நட்ட நாத்தை நாங்களே மிதிச்சிருக்கோம் பாரு. இப்படியா நாங்க நடுவோம்?"

இளைஞர் தயங்கி நின்று, மீண்டும் ஒருமுறை எடுக்கலாமா என்று கேட்டார்.

"எடுக்கலாம். அரைநாள் கூலி ஆகும், தம்பி."